மாடி வீட்டு நெட்

அன்று மாடி வீட்டு ஹாலில் டி.வி.க்கு முன்னால் நின்றவர்கள் மூன்று பேர். நான், வீட்டுக்கார அக்கா, பருத்திப்பட்டில் எங்கள் தெருவுக்கு இணைய இணைப்புக் கொடுத்திருக்கிற நெட்டுக்கார அண்ணன். அம்மா இல்லை, அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா விடிவதற்கு முன்பே குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு வானகரம் மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றப் போய்விட்டார். யார் பொருட்டு நாங்கள் அங்கே நின்றோமோ அந்தத் தங்கையும் இல்லை. அவள் கீழே எங்கள் போர்ஷனில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எழுந்து வர முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து வர முடியாததற்குக் காரணம் அவளுடைய வேலை. பி.காம். முடித்து எட்டு மாதம் சும்மா இருந்தவளுக்கு, வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்திருந்தது. யாரோ பேசிய பேச்சின் ஒலிப்பதிவு வரும். அதைக் கேட்டு அப்படியே தமிழில் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். ஒரு பதிவு முடிய அரை மணி நேரம் ஆகும். நடுவில் நெட் இரண்டு நிமிடம் நின்றால் போதும், அந்தப் பதிவு அவள் கையை விட்டு வேறொருவருக்குப் போய்விடும். முதல் இரண்டு வாரம் பயிற்சி. அதற்குள் பத்துப் பதிவுகள் அப்படிப் போனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

பெயரை எடுத்துவிட்டால் அடுத்து என்ன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா தன் சூபர்வைசரிடம் சொல்லியே வைத்திருந்தாள். காலை ஆறு மணிக்கு வேன், நின்றபடியே எட்டு மணி நேரம். "படிச்சிட்டு நானும் உன்கூட வந்து டப்பா ஒட்டணுமா?" என்று தங்கை ஒரு முறை கேட்டுவிட்டாள். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "டப்பா ஒட்டுனதுலதான் நீ படிச்ச" என்றாள்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், அம்மா பஸ் நம்பர் வரைக்கும் படிப்பாள். நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அங்குள்ள கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். மதிய ஷிஃப்ட். அதனால் வயர் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் வீட்டில் நான் சொல்வதுதான் தீர்ப்பு. கம்பெனியில் கழித்துப் போட்ட லேப்டாப் ஒன்றை வாங்கி வந்து லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன். முன்பு அதில் இருந்த விண்டோஸ் திறப்பதற்குள் டீ ஆறிப்போகும். லினக்ஸில் நன்றாக ஓடியது. தங்கையின் வேலைக்கு ஒரு ப்ரவுசர் இருந்தாலே போதும் என்பதால் அவளிடம் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

நெட் மட்டும் எங்களுடையது இல்லை. இந்தப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்குப் பழகிய ஏற்பாடுதான் அது. மாடியில் வீட்டுக்காரர் இணைப்பு வைத்திருப்பார், கீழே இருக்கிறவர்கள் பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு வாடகையோடு நெட்டுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கார அக்காவின் குடும்பம் பருத்திப்பட்டு ஏரிப் பாய்ச்சலில் நெல் போட்ட குடும்பம். இப்போது அந்த இடத்தில் வாடகை போர்ஷன்கள் நிற்கின்றன. அக்கா மனசு தாராளம், வாய் அதைவிடத் தாராளம்.

தங்கை வேலை ஆரம்பித்த முதல் திங்கட்கிழமையே பிரச்சினை வந்தது. பதினோரு மணி இருக்கும். "ண்ணா, நின்னுடுச்சி" என்றாள். போய்ப் பார்த்தேன். வைஃபை முழுக் கோடும் காட்டியது. இணைந்திருக்கிறது என்றே போட்டிருந்தது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. சிறிது நேரத்தில் தானாக வந்தது, உடனே போனது, மறுபடி வந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. மதியம் இரண்டரைக்குத் திரும்பவும் அதே கதை. அந்த நேரத்தில் நான் ஷிஃப்டில் இருப்பேன், போன் வரும். "போச்சு" என்பாள். அந்த ஒரு சொல்லோடு வைத்துவிடுவாள்.

லினக்ஸில் இப்படி ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வைஃபையின் தூக்கத்தை. பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக வைஃபை சிப் அவ்வப்போது கண் அசரும். அதை அசர விடாமல் வைக்க அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி மாற்ற வேண்டும். மாற்றினேன். "முடிஞ்சிது, இனிமே தூங்காது" என்று தங்கையிடம் சொன்னேன். மறுநாள் பதினொன்றுக்குத் தூங்காமலேயே நின்றது.

அடுத்து, மாடி நெட் போனால் தங்கையின் போன் ஹாட்ஸ்பாட்டுக்குத் தானாக மாறும்படி முன்னுரிமை போட்டு வைத்தேன். எங்கள் போர்ஷனுக்குள் போன் சிக்னல் ஒரு கோடுதான் வரும், ஆனால் அவசரத்துக்கு இரண்டு நிமிடம் தாங்கினால் போதுமே என்று நினைத்தேன். லேப்டாப் மாறவே இல்லை. காரணம் அப்போதே புரிந்தது. கரண்ட் போனால் இன்வர்ட்டர் வரும், வோல்டேஜ் குறைந்தால் வராது. வைஃபை அறுந்தால்தான் லேப்டாப் வேறு வழி தேடும். இங்கே வைஃபை அறுந்துவிடவில்லையே, முழுக் கோடும் இருந்ததே. உள்ளே எதுவும் ஓடவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதாக லேப்டாப்பின் வைஃபை சிப் மேலேயே சந்தேகப்பட்டேன். ஷிஃப்டுக்குப் போகிற வழியில் அம்பத்தூரில் இறங்கி யு.எஸ்.பி.யில் சொருகுகிற வைஃபை குச்சி ஒன்று வாங்கினேன். அறுநூற்றைம்பது ரூபாய். அது லினக்ஸில் வேலை செய்ய ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் ஆனது. நீல விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நெட் நின்றது, விளக்கு நிற்கவில்லை.

"லைட்டு மட்டும் சூப்பரா எரியுதுண்ணா. ஆடி மாசத்துக்கு அம்மன் கோயிலுக்குக் குடுத்துடலாம்" என்றாள் தங்கை.

சிரித்தாள், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. சில தடவை இரண்டு நிமிடத்துக்குள் நெட் திரும்பியதால் தப்பியிருந்தாள், அப்படியும் அதுவரைக்கும் ஏழு பதிவுகள் போயிருந்தன.

மறுநாள் காலை மோட்டார் போடுகிற நேரத்தில் குழாயடியில் வீட்டுக்கார அக்கா பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் பஞ்சாயத்து எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் நடக்கும். எல்லோரும் குடத்தோடு நிற்பதால் யாரும் நகர முடியாது.

"இன்னா தம்பி, உன் தங்கச்சி காலையிலேர்ந்து நெட்ட உறிஞ்சிக்கினே கீதாமே?"

"உறிஞ்சலக்கா. அவளுக்கே வரலன்னுதான் நான் நாயா அலையறேன்."

"வராம எங்க போவுது? என் டி.வி.லயும் வரல. புதுசா வாங்கி ரெண்டு மாசம் ஆவல, சீரியல் ஆரம்பிச்சா ரங்கராட்டினம் மாதிரி சுத்திக்கினே நிக்கிது. மெக்கானிக்க கூப்ட்டேன். வந்தான், ரிமோட்ட ரெண்டு தட்டு தட்டினான், ஐந்நூறு ரூபா வாங்கினான், டி.வி. நல்லாதான் கீது, நெட்டுதான் பிரச்சனைன்னுட்டு போயிட்டான். அப்போ நெட்ட யாரு துன்றது?"

குடம் நிரம்பிவிட்டது. நான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆனால் அவர் சொன்னது மண்டைக்குள்ளேயே இருந்தது. அக்கா கேபிளை நிறுத்திவிட்டு எல்லாச் சீரியலையும் நெட் வழியாகப் பார்க்கிறவர். அன்று பதினோரு மணிக்குத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கூரையைக் கவனித்தேன். மேலே டி.வி. போடுகிற சத்தம் கேட்டது. சீரியல் பாட்டு ஆரம்பித்தது. தங்கை ஹெட்போனைக் கழற்றினாள்.

"போச்சு."

எட்டு.

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துப் படியேறிப் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. டி.வி.தான் மொத்த நெட்டையும் இழுக்கிறது, தங்கையின் பயிற்சி முடிகிற வெள்ளிக்கிழமை வரைக்கும் பதினொன்றுக்கும் இரண்டரைக்கும் டி.வி. போடாமல் இருக்க முடியுமா என்று ஒரு வாத்தியார் மாதிரி விளக்கம் வேறு சொல்லிக் கேட்டேன்.

அக்கா ரிமோட்டை மடியில் போட்டார். "என் ஊட்ல, என் டி.வி.ய, நான் பாக்கறதுக்கு உன்னாண்ட டைம் டேபிள் வாங்கணுமா?"

"அப்டி சொல்லலக்கா..."

"வேற எப்டி சொன்ன? நாளான்னிக்கு அந்த நெட்டுக்காரன வர சொல்றேன். பாஸ்வேர்ட மாத்திட்டு போவட்டும். உங்க பங்கு பணமும் வேணாம், இந்தப் பேச்சும் வேணாம்."

கீழே வந்து தங்கையிடம் சொன்னேன். நாளை மறுநாள் என்றால் வியாழன். பயிற்சி முடிய அதற்கு மேலும் ஒரு நாள் இருந்தது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த பதிவைத் திறந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் புதன்கிழமை காலை அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன். அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நான் என் போனிலிருந்தே அந்த லேப்டாப்புக்குள் போய் ஒரு அமைப்பை மாற்றினேன். மாறியதா என்று பார்க்க நெட்வொர்க் சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். ஐந்து விநாடி வேலை. ஆனால் திரும்ப இணைந்தபோது பாஸ்வேர்டு கேட்கும் சிறு சன்னல் ப்ரவுசருக்குப் பின்னால் திறந்து மறைந்துகொண்டது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. ஒன்பதாவது பதிவு என் கையாலேயே போனது.

தங்கை கத்தவில்லை. "இனிமே நீ தொடாதண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு நெட்டுக்கார அண்ணன் தோளில் வயர் சுருளோடு வந்தார். நானும் மாடிக்கு ஏறினேன். தங்கை கீழே ஒரு பதிவை அப்போதுதான் எடுத்திருந்தாள். பாஸ்வேர்டை மாற்றினால் அது பத்தாவதாகப் போகும்.

"இன்னா நைனா, எல்லாரும் நம்ம லைன் மேலயே பாயறீங்கோ?" என்றபடி அவர் போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தார். "ஸ்பீடு ஃபுல்லா கீது. இந்த ஸ்பீடுக்கு நாலு டி.வி. ஓட்டலாம். ஒண்ணு கூடவா ஓடாது?"

"நாலு ஓடுமா?" என்றேன்.

"தாராளமா ஓடும். அக்கா, எத்தினி பேரு மாட்டிக்கினு கீறாங்கன்னு நீயே பாரு." போனை அவரிடம் நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். எந்தெந்தக் கருவிக்கு ரவுட்டர் எந்த எண் கொடுத்திருக்கிறது என்ற பட்டியல் அது. அக்காவின் போன், வாசல் கேமரா, மருமகளின் போன். கடைசியில் டி.வி. அதன் எண் இருபத்து மூன்று.

கீழே தங்கை வைத்திருக்கிற லேப்டாப்பின் எண்ணும் இருபத்து மூன்று. அதைப் போட்டவன் நான்.

பாலிடெக்னிக் லேபில் ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் ஒரு எண் ஒட்டியிருக்கும். அதில் உட்காருகிறவனின் வருகை எண்ணும் அதுதான், அந்தக் கணினியின் நெட்வொர்க் முகவரியில் கடைசி எண்ணும் அதுதான். தானாக எண் எடுத்துக்கொள்ள விடக்கூடாது, கையால் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். மூன்று வருடம் இருபத்து மூன்றிலேயே உட்கார்ந்தவன் நான். கணினியை ஒழுங்காக அமைப்பது என்றால் இதுதான் என்று கை பழகிவிட்டது. லேப்டாப் வாங்கிய அன்று, மாடி வைஃபையில் முதல் வேலையாக அந்த எண்ணை எழுதினேன். ஏன் என்று என்னையே நான் கேட்டதில்லை. அப்போது மாடியில் இரண்டு போன்கள்தான் இருந்தன. பிறகு மருமகள் வந்தாள், கேமரா வந்தது, டி.வி. வந்தது. ரவுட்டர் வந்து போகிறவர்களின் போனுக்கெல்லாம் வரிசையாக எண் கொடுத்துக்கொண்டே வந்து, எங்கள் லேப்டாப் மூடியிருந்த ஏதோ ஒரு நேரத்தில் காலியாக இருக்கிறதென்று நம்பி இருபத்து மூன்றை டி.வி.க்குக் கொடுத்துவிட்டது.

ஒரே தெருவில் பழைய எண் இருபத்து மூன்றும் புதிய எண் இருபத்து மூன்றும் இருந்தால் கூரியர்காரர் என்ன செய்வார்? எந்த வீட்டிலிருந்து முதலில் குரல் வருகிறதோ அங்கே கொடுப்பார். டி.வி. ஓடாதவரை எல்லாம் லேப்டாப்புக்கு வந்தது. டி.வி. போட்டதும் இரண்டும் மாறி மாறிக் குரல் கொடுத்தன. அதனால்தான் கீழே தங்கைக்கும் நின்றது, மேலே சீரியலும் சுற்றியது. வைஃபை குச்சி மாற்றியும் தீராததற்கும் அதுவே காரணம். குச்சிதான் புதியது, சேமித்து வைத்திருந்த அமைப்பு பழையது.

பேசாமல் கீழே போய் எண்ணை மாற்றிவிட்டு வந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நெட்டுக்கார அண்ணன் அதற்குள், "மாத்திடலாமாக்கா? புது பாஸ்வேர்டு இன்னா வெக்கிறது?" என்று கேட்டுவிட்டார்.

"அண்ணே, மாத்தாதீங்க. தப்பு என்னோடது" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அப்போ என் டி.வி. மேல தப்பு இல்ல?"

"இல்லக்கா."

"இவன் லைன் மேல?"

"இல்லக்கா."

"மெக்கானிக் சும்மா வந்து ஐந்நூறு வாங்கினு போயிருக்கான்?"

"ஆமாக்கா."

"உங்கம்மா கைல சொல்லிக்கினு இருந்தேன், புள்ளைய நல்லா படிக்க வெச்சிட்டன்னு." அக்கா சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

நெட்டுக்கார அண்ணன் சிரித்தார். "உடுக்கா. பத்து வருசமா இந்தத் தொழில் பண்றேன், தப்பு என்னுதுன்னு சொன்ன மொத கஸ்டமர் இவன்தான். சரி நைனா, போய் மாத்திக்கினு வா, டி.வி.ய போட்டு பாத்துடலாம்."

அங்கேதான் சிக்கல். எண்ணை மாற்ற ஒரு தடவை இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தங்கையின் பதிவு முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மணி பதினொன்று அடிக்கப் போகிறது. இதே அக்காவிடம் இதே டி.வி.யைப் போடாதே என்று இரண்டாவது முறையாகக் கேட்க வேண்டும்.

"அக்கா, ஒரு கால் மணி நேரம்..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா ரிமோட்டை எடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதை நெட்டுக்கார அண்ணன் கையில் கொடுத்தார். "என் கைல இருந்தா போட்டுடுவேன், நீயே வெச்சுக்க. தம்பி, இன்னிக்கு சீரியல்ல அந்த மருமவ ஊட்ட உட்டு போறாளா இல்லியான்னு தெரியணும் எனக்கு. சீக்கிரம் வா."

கீழே போய்த் தங்கையின் பின்னால் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, கையால் மட்டும் தள்ளிப் போ என்று காட்டினாள். பதினொன்றே காலுக்கு அனுப்புகிற பொத்தானை அழுத்தினாள். பதிவு போய்ச் சேர்ந்தது என்று வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். "நீ போட்ட நம்பராண்ணா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள். உட்கார்ந்து, கையால் என்று இருந்ததைத் தானாக என்று மாற்றினேன். இரண்டு கிளிக். ரவுட்டர் முப்பத்தொன்று கொடுத்தது.

"போடுங்கண்ணே!" என்று வாசலில் நின்று கத்தினேன். மேலே சீரியல் பாட்டு கேட்டது. தங்கையும் நானும் திரையில், நெட் ஓடுகிறதா என்று விநாடிக்கொன்றாகச் சோதிக்கிற பிங் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வரிகூடத் தவறவில்லை. மாடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சுத்தல தம்பி! அவ போவல, அங்கியேதான் கீறா!"

அன்று மதியம் கிளம்புவதற்கு முன் லேப்டாப்பின் லாகைத் திரும்பப் படித்தேன். லினக்ஸ் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும். இந்த எண்ணை வேறொரு கருவியும் வைத்திருக்கிறது என்ற வரி பத்து நாளாக, ஒவ்வொரு பதினோரு மணிக்கும் இருந்திருக்கிறது. எரர் என்ற சொல் உள்ள வரிகளை மட்டும் நான் தேடியிருந்தேன். இது வெறும் எச்சரிக்கையாக இருந்தது. நெட்டுக்கார அண்ணன் போகும்போது ரவுட்டரிலேயே முப்பத்தொன்றை எங்கள் லேப்டாப்புக்கென்று ஒதுக்கி வைத்தார். நிலையான எண் வேண்டுமென்றால் கொடுக்கிற இடத்தில்தான் சொல்லி வைக்க வேண்டும் என்பதும் எனக்கு அன்றுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை ஒரு பதிவும் போகவில்லை. ஒன்பதோடு பயிற்சி முடிந்தது. சனிக்கிழமை தங்கைக்கு மெயில் வந்தது, வேலை உறுதி. அம்மா அதைப் படித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். பிறகு சூபர்வைசருக்குப் போன் போட்டு, "அந்த இடத்த வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க சார்" என்றாள்.

அப்பாவுக்கு நெட், நம்பர் எதுவும் புரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"கடைசில எவ்ளோடா ஆச்சு?"

வைஃபை குச்சி அறுநூற்றைம்பது, கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். மெக்கானிக்குக் கொடுத்த ஐந்நூறை அக்காவிடம் கொடுத்தோம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். நெட்டுக்கார அண்ணனுக்குப் பெட்ரோலுக்கு நூறு. போன ஒன்பது பதிவுகளுக்கு, ஒன்றுக்கு நாற்பது வீதம், தங்கையின் பயிற்சிப் பணத்தில் முந்நூற்று அறுபது பிடித்திருந்தார்கள்.

"ஆயிரத்து அறுநூத்திப் பத்துப்பா" என்றேன்.